அங்கமுத்து வாங்கின ரெஞ்ச்

அங்கமுத்து மடத்துக்கு வந்த அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சாமி, என்கிட்ட ஏன் ஒருத்தரும் தங்க மாட்டேங்கறாங்க?"

மடத்தை நடத்தும் சாமியம்மா அவரை ஒரு தரம் பார்த்தார். "இருந்து பாருங்க" என்றார். அவ்வளவுதான். அதில் ஏதாவது பொடி வைத்துப் பேசுகிறாரோ என்று அங்கமுத்து அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைத்தபடியே வெகுநேரம் யோசித்தார்.

சாமியம்மாவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. அங்கமுத்து அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் இருந்தால் தேதியைப் பார்ப்பார். தேதி சரியாக இருந்தால் ஊரைப் பார்ப்பார். எல்லாமே சரியாக இருந்தால், இவ்வளவு சரியாக இருக்கிறதே என்று இன்னொரு தரம் வாங்கிப் பார்ப்பார். வேலைக்கு அது ஒத்துப்போனது. வீட்டுக்கு ஒத்துப்போகவில்லை. மருமகள் ரசத்தை ஊற்றினால் மோந்து பார்த்துவிட்டுத்தான் பிசைவார். ஒரு நாள் மகன் வாய்விட்டே சொல்லிவிட்டான், "அப்பா, நீங்க தனியா இருந்துக்கங்க." பாவம் மனுசன், அதற்கப்புறம்தான் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மலையடிவாரத்தில் மடம். பக்கத்திலேயே தென்னந்தோப்பும் கொஞ்சம் கடலைக்காடும். ஒரு டிராக்டர், ஒரு டிரெய்லர், உழுகிற ரோட்டவேட்டர். இத்தனைக்கும் டிரைவர் ராக்கியப்பன். டிரெய்லரில் தேங்காயும் வரும், பௌர்ணமி பூசைக்குக் கீழ் ஊர் ஜனங்களும் வருவார்கள்.

ராக்கியப்பன் தினமும் கடைத்தெருவிலிருந்து அங்கமுத்துவுக்கு டீ வாங்கி வருவார். அங்கமுத்து டம்ளரைச் சாய்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்.

"சீனிதானுங்க அண்ணா" என்று ராக்கியப்பன் சிரிப்பார்.

அதற்குக் கோபித்துக்கொள்ளாமல் சிரித்த ஆள் அங்கமுத்துவின் ஆயுளிலேயே அவர் ஒருவர்தான். அது அங்கமுத்துவுக்கும் தெரியும். டீ வர நேரமானால் வாசலை எட்டி எட்டிப் பார்ப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆயுத பூஜை வந்தது. டிரெய்லர் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, அங்கமுத்து தன் கையாலேயே பச்சைப் பெயிண்ட் அடித்தார். கொஞ்சமாகவா அடித்தார்? டப்பாவை வழித்து அடித்தார். ராக்கியப்பன் சக்கரத்தை மாட்டி நட்டை முடுக்கினார். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் சக்கரத்தைப் பற்றியே பேசினார்கள். அங்கமுத்துவுக்கு முகம் கொள்ளாத சந்தோசம்.

பூஜை முடிந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்த முதல் நடையிலேயே, வாய்க்கால் பாலத்தில் சக்கரம் ஆடியது. ராக்கியப்பன் இறங்கிப் பார்த்தால் நட்டெல்லாம் இளகிக் கிடந்தன. நல்லவேளை, மேலே ஆள் யாரும் இல்லை.

"முடுக்கினது நீதான?" என்று கேட்டார் அங்கமுத்து.

"நான்தானுங்க."

"அப்புறம் எப்படி இளகும்?"

ராக்கியப்பன் சக்கரத்தைப் பார்த்தார். அங்கமுத்துவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். "சில சமயம் இளகுமுங்க அண்ணா. மறுபடி முடுக்கிட்டேன்" என்றார்.

சொல்ல வந்து நிறுத்தினாரே, அது போதாதா நம் பரிசோதகருக்கு? அன்றைக்கு டீயில் அடியை மட்டும் அல்ல, மேலேயும் பார்த்தார்.

மறுநாளே கரண்டில் நட்டு முடுக்கும் இம்பாக்ட் ரெஞ்ச் வாங்குவதற்காக டவுனுக்குக் கிளம்பினார்.

முதல் கடையில் ஒரு பையன் பெரிய பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தான். பெட்டிமேல் அதன் பலத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

"இதை யார் அளந்தது?"

"கம்பெனிதானுங்க சார்."

"அவன் பண்டத்தை அவனே அளந்துக்குவானா?"

பையன் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான்.

இரண்டாவது கடைக்காரர் ஒயர் வைத்த மிஷினைக் காட்டினார். பேட்டரி தீர்ந்துபோகிற கவலையே இல்லை, வீட்டு வேலைக்கு இது தங்கம் என்றார்.

"நடுக்காட்டுல டிரெய்லர் நின்னா?"

"நீள ஒயர் வாங்கிக்கலாமுங்க. நம்மகிட்டயே இருக்குது."

ஒயர் விற்கத்தான் மிஷினைக் காட்டுகிறார் என்று அங்கமுத்துவுக்குப் பட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மூன்றாவது கடையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெட்டி எதையும் எடுக்காமல், "என்ன வேலைக்குங்க?" என்று கேட்டார்.

"டிரெய்லர் சக்கரம், ரோட்டவேட்டர் கத்தி. கேட்டு, தகரம்னு மடத்து வேலையும் இருக்கும்."

"அப்ப பேட்டரி போட்டதே வாங்கிக்கங்க. இந்த நடுசைசு போதும். கூட ஒரு பேட்டரி வச்சுக்கங்க, ஒண்ணு தீர்ந்தா ஒண்ணு. நட்டைக் கவ்வற சாக்கெட்டும் தடிமனாத்தான் போடோணும், சாதா சாக்கெட் வெடிச்சுரும்."

"இதைவிடப் பெருசு?"

"இருக்குது. உங்களுக்கு வேண்டாமுங்க. கை வலிக்கும். இந்த மிஷின் கழட்டறதுக்குத்தான் முக்கியம். முடுக்கறப்ப லேசாப் பிடிச்சுவிட்டு, மீதியைக் கையால முடுக்கிக்கோணும்."

அங்கமுத்து திடுக்கிட்டுப் போனார். பெரியதை வேண்டாம் என்று சொல்லும் கடையை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. விற்காமல் தேங்கிப்போனதைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்களா? 'யோசிச்சுச் சொல்றேன்' என்று நழுவினார்.

மடத்துக்கு வந்து போனில் வீடியோக்களைப் பார்த்தார். ஒருவன் ஒரு மிஷினைப் புகழ்ந்தான். கம்பெனி இவனுக்கு ஓசியில் கொடுத்திருக்கும். இன்னொருவன் அதையே திட்டினான். இவன் எதிர்க் கம்பெனி ஆள். மூன்றாவதாக ஒருவன் நல்லதும் சொன்னான், கெட்டதும் சொன்னான். இவன்தான் மூவரிலும் விவரமானவன், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். போனை மூடி வைத்துவிட்டுச் சாமியம்மாவிடம் போனார்.

சாமியம்மா கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, எந்த மிஷினை வாங்கறது? ஒருத்தனையும் நம்ப முடியல."

"எதுக்குங்க மிஷின்?"

"முடுக்கறதுக்கு."

"கழட்டறதுக்கு?"

"கழட்டறதுக்கு ஆள் இருக்குது சாமி. அதுக்குத்தான் மிஷினே."

சாமியம்மா ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். "எவ்வளவு முடுக்கோணும்?"

"இன்னொருத்தன் கை வச்சா அசையக் கூடாது."

"அப்ப இருக்கறதுலயே பெருசாப் பார்த்து வாங்கிக்கங்க."

சாமி இவ்வளவு லேசில் ஒத்துக்கொண்டது அங்கமுத்துவுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் வாங்கி வந்துவிட்டார். முதல் கடையில் பார்த்த அதே பெரிய பெட்டி, பேட்டரி போட்டது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் தொடை மரத்துப் போயிருந்தது.

பட்டனை அழுத்தினால் மிஷின் தடதடவென்று அடிக்கும். கைக்குள் ஒரு உதறல் ஏறும். நட்டு ஒரு இழை நகர்ந்து நிற்கும். அந்த உதறல் அங்கமுத்துவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எல்லா நட்டையும் முடுக்கி, பேட்டரியைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டார். அன்று முதல் அந்தப் பை குளிக்கிற இடத்துக்குக்கூட அவருடனேயே போனது.

விடிந்ததும் சந்தேகம். யாராவது கை வைத்திருப்பார்களோ? மிஷினை எடுத்து ஒவ்வொரு நட்டிலும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. மனசு நிறைந்தது. பொழுது இறங்கியதும் மறுபடி அதே சந்தேகம், மறுபடி அதே தட்டு.

ராக்கியப்பன் டீ டம்ளரோடு நின்று பார்த்தார்.

"அண்ணா, என்னங்க பண்றீங்க?"

"சரியா இருக்கான்னு பாக்கறேன்."

"மிஷின் பாக்காதுங்க அண்ணா. அது முடுக்கத்தான் முடுக்கும். பாக்கறதா இருந்தா கை ஸ்பேனர்ல பாத்தாப் போதும்."

பார்க்க வேண்டாம் என்கிறானே, ஏன்? அங்கமுத்து அதற்கப்புறம் மத்தியானமும் ஒரு தரம் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் ராக்கியப்பன் கேட்டார். "ரோட்டவேட்டர் கத்தி தேஞ்சிருச்சுங்க. மாத்தோணும். மிஷினைக் குடுங்க, சீக்கிரம் ஆயிரும்."

"நீ விலகு. நான் கழட்டறேன்."

அங்கமுத்து பட்டனை அழுத்த அழுத்த, போல்ட்டு கழலவே இல்லை. அவருக்கு முடுக்குகிற பக்கம் மட்டும்தான் தெரியும். ராக்கியப்பன் மெதுவாகக் கையை நீட்டி, பட்டனுக்கு மேலே இருந்த குமிழை மறுபக்கம் தள்ளிவிட்டார். போல்ட்டு கழன்றது. மிஷினைப் பற்றி இவனுக்கு எப்படித் தெரியும் என்று அங்கமுத்து யோசித்தார். வேலை முடிந்ததும் கழற்றின போல்ட்டை எல்லாம் எண்ணி வாங்கிக்கொண்டார். ராக்கியப்பன் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அப்புறம் டீ வந்தது, சிரிப்பு வரவில்லை. ராக்கியப்பன் டம்ளரைத் திட்டில் வைப்பார், போய்விடுவார். அங்கமுத்துவுக்கு அது நெஞ்சில் கிடந்து அறுத்தது. நம்மிடம் எதையோ மறைக்கிறவன்தானே முகத்தைத் திருப்புவான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். தேறவில்லை.

பௌர்ணமி வந்தது. ஜனங்களை ஏற்றி வர டிரெய்லர் போக வேண்டும். காலையில் சாமியம்மா வாசலில் நின்றிருந்தார். அங்கமுத்து மிஷினோடு உட்கார்ந்தார்.

"நேத்துப் பாத்தீங்களே?" என்றார் சாமியம்மா.

"பாத்தேன் சாமி. ஜனம் ஏறுதுல்ல. கடைசியா ஒரு தடவை."

பட்டனை அழுத்தினார். தடதடவென்றது. 'டக்' என்று ஒரு சத்தம். மிஷின் கையில் இலேசாகிவிட்டது. சாக்கெட்டுக்குள் நட்டும் பாதிப் போல்ட்டும் சேர்ந்து வந்திருந்தன.

அங்கமுத்து சாக்கெட்டைத் தரையில் கவிழ்த்தார். அப்புறம் குரல் எழும்பியது.

"பாருங்க சாமி. அறுத்து வச்சிருக்கறான். ஜனத்தைக் கொல்றதுக்கு அறுத்து வச்சிருக்கறான். நான் சொன்னா யாரு கேட்டாங்க?"

பின்னால் ராக்கியப்பன் டீயோடு நின்றிருந்தார். எல்லாமே காதில் விழுந்துவிட்டது. டம்ளரைத் திட்டில் வைத்தார். இடுப்பிலிருந்து டிராக்டர் சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"நான் வர்றனுங்க சாமி" என்றார். அங்கமுத்துவைப் பார்த்து, "சூடு ஆறிரும், குடிங்கண்ணா" என்றார். தன் அறைக்குப் போய், பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார்.

சாமியம்மா தடுக்கவில்லை. குனிந்து அந்த அறுந்த போல்ட்டை எடுத்தார்.

"இதை யாரு அறுத்தது?"

"அவன்தான்."

"எதுல?"

"ரம்பம்."

"தடம் காட்டுங்க."

அங்கமுத்து வாங்கிப் பார்த்தார். எத்தனை டிக்கெட்டைப் பார்த்த கண். ரம்பம் பட்ட தடம் இல்லை. அறுந்த இடத்தில் போல்ட்டு இழுத்த சவ்வு மிட்டாய் மாதிரி மெலிந்து நீண்டிருந்தது.

"நேத்து யாரு முடுக்கினது?"

"நான் பாக்கத்தான் பாத்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"நான்தான்."

"மிஷினை வேற யாராச்சும் தொட்டாங்களா?"

அங்கமுத்து தோளில் கிடந்த பையைத் தொட்டுப் பார்த்தார். பேட்டரிக்கு இத்தனை நாளும் அவரே காவல். சாட்சியும் அவரே.

சாமியம்மா சக்கரத்தில் நட்டு உட்காரும் இடத்தை நகத்தால் சுரண்டினார். பச்சைப் பெயிண்ட் தடிமனாகப் பெயர்ந்து வந்தது.

"இதுமேல முடுக்கினா, பெயிண்ட் நசுங்க நசுங்க நட்டு இளகிட்டுத்தான் வரும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடி முடுக்கோணும். ராக்கியப்பன் அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாரு."

"எங்கிட்டச் சொல்லலையே."

"நீங்க ஆசையா அடிச்சதுன்னாரு."

அங்கமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. டம்ளரை எடுத்து அடியைப் பார்க்காமல் ஒரே மூச்சில் குடித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினார். அந்த வயசில் அவர் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

ஜனங்கள் நடந்தே வந்து சேர்ந்தார்கள். பூசை நடந்தது. பொங்கலை இலையில் வைத்துக்கொண்டிருந்தபோது அங்கமுத்து திரும்பி வந்தார். தனியாகத்தான் வந்தார். சாமியம்மாவுக்கு எதிரே, தரையில் உட்கார்ந்தார்.

"பஸ் போயிருச்சுங்களா?"

"இல்ல சாமி. போனப்ப நின்னுட்டு இருந்துச்சு. அவன் உள்ள உக்காந்திருந்தான்."

"பேசினீங்களா?"

"பேசினேன். தப்பு எம்மேலதான்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன். கையைப் பிடிச்சேன்."

"அவரு?"

"'விடுங்கண்ணா, ஊர் பாக்குது'ன்னு சிரிச்சான் சாமி. பழைய மாதிரியே சிரிச்சான்."

"இறங்கினாரா?"

"இறங்கினான். பையையும் எடுத்துட்டு இறங்கினான். கண்டக்டர் விசிலுகூட ஊதிட்டாரு."

சாமியம்மா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"அப்புறம்?"

அங்கமுத்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணே ஒண்ணு கேட்டேன். பெயிண்டுதான்னு தெரிஞ்சும் எங்கிட்ட ஏன் சொல்லலைன்னு."

"என்ன சொன்னாரு?"

"'நீங்க ஆசையா அடிச்சீங்க, அதான்'னான்."

"நான் சொன்னதுதான?"

"ஆமாங்க சாமி. நீங்க சொன்னதுதான். எனக்குத் தெரிஞ்சதுதான்."

"அதுக்கு நீங்க?"

அங்கமுத்து வாசலைப் பார்த்தார். வெளியில் குழந்தைகள் டிரெய்லரில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தன.

"'அது மட்டும்தானா?'ன்னு கேட்டுட்டேன் சாமி."

சாமியம்மா இலையை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"வேற ஒண்ணும் கேக்கல. சத்தமாக்கூடக் கேக்கல. அவன் எம்மூஞ்சியைப் பாத்தான். நகர ஆரம்பிச்ச பஸ்ஸுல ஏறிக்கிட்டான். அவன் வந்துட்டான் சாமி. எங்கூட வர்றதுக்குத்தான் நின்னுட்டு இருந்தான். அப்புறம் ஏன் போனான்?"

சாமியம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த அறுந்த போல்ட்டை அவிழ்த்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுவும் நல்லா இறுகித்தானுங்க இருந்துச்சு."